பழைய சோனகத் தெரு தறப்பாள் கடை: நிவாரணத்துக்கு வாங்கப் போறாக்கள் வாசிச்சிட்டுப் போங்கோ

வெள்ளம் வந்தா ஒழுங்கைக்கு ஒழுங்கை காசு சேர்த்து தறப்பாள் வாங்கிக் குடுக்கிறது கொழும்பில வழமையாப் போச்சு, நல்ல விசயம் தான், ஆனா முக்கால்வாசிப் பேர் வாங்குறது அந்த மெல்லிசு நீலத் தறப்பாள், அதப் பாக்கேக்க எனக்கு வயிறு எரியும். நான் தென் சூடான்ல ஒரு நிவாரண நிறுவனத்தில லொஜிஸ்ரிக்ஸ் வேலை செய்தனான். சாப்பாடு, மருந்துக்கு அடுத்ததா சனம் வந்து கேட்டது தறப்பாள் தான்.

கடை பழைய சோனகத் தெருவில, ஹாட்வெயார் கடையளுக்கு நடுவில. வாசல்ல கயிறும் வலையும் தொங்கும். ரிலீஃப் குவாலிற்றி வெள்ளை இருக்கோ எண்டு கேட்டவுடன கடைக்கார நானா ரெண்டையும் நிலத்தில விரிச்சுப் போட்டு, "இந்த நீலம் வெயில்ல நிக்காது தங்கச்சி, பொடிப்பொடியாப் போயிரும், குடுக்கிறதுக்கெண்டா இத வாங்காதீங்க" எண்டார். விலை கூடினதை தலையில கட்டப் பாக்கிறாரோ எண்டு நினைக்கலாம், ஆனா அவர் சொன்னது சரி.

முதல்ல துணியப் பாருங்கோ. நிவாரணத் தறப்பாள் வெளியால வெள்ளை, நடு நெசவு கறுப்பு. வெயில் உள்ளுக்கு இறங்காதெண்டது ஒண்டு. மற்றது, இரவில உள்ளுக்கு விளக்குக் கொளுத்தினா ஆளின்ட நிழல் வெளியால தெரியக் கூடாது. தென் சூடான்ல சண்டையால ஓடி வந்த சனம் இருந்த பென்டியு முகாம்ல புதுசா ஒரு லொட் வந்தா பொம்பிளையள் முதல் செய்யிறது ஒராள் ரோர்ச் பிடிக்க மற்றாள் அங்கால நிண்டு பாக்கிறது தான், அவையள் பாலியல் வன்முறைக்கும் தப்பி அங்க வந்தவை எண்டு தெரிஞ்சா அந்த ரெஸ்ற் எவ்வளவு முக்கியம் எண்டு விளங்கும். கடையில நானும் போன் லைற்ற அடிச்சுப் பாத்தன், வெள்ளை பாஸ். நீலம் சல்லடை மாதிரி.

அடுத்தது நிறை. லேபிளை மட்டும் நம்பாம தராசில வையுங்கோ. 4க்கு 6 மீற்றர் எண்டா 24 சதுர மீற்றர், சதுர மீற்றருக்கு 200 கிராம் போட்டா 4.8 கிலோ வரவேணும். நானா முகஞ்சுளிக்காம தராசு எடுத்துத் தந்தார், கொஞ்சம் கூடவே காட்டினது. கயிறு கட்டுற ஓட்டையள் தடிச்ச பட்டியில இருக்கோ எண்டும் பாருங்கோ, வெறும் துணியில கம்பி வளையம் மட்டும் அடிச்சது முதல் காத்துக்கே கிழியும். கிழிஞ்சா அந்த இடத்தில ஒரு சின்னக் கல்லை உள்ளுக்கு வைச்சுச் சுத்தி கயிறால இறுக்கிக் கட்டுங்கோ, பிடிக்கும்.

ஒரு தறப்பாளுக்கு ஏன் இவ்வளவு கதைக்கிறன் எண்டா, தென் சூடான் 2011ல தனிநாடானது, 2013 டிசம்பர்ல உள்நாட்டுச் சண்டை, 2016 ஜூலையில தலைநகர் ஜூபாவில திரும்பவும், 2018ல சமாதான ஒப்பந்தம், 2025ல நாசிர் எண்ட ஊர்ப் பக்கம் பிறகும் தொடங்கிட்டுது. சனம் ஒவ்வொரு முறையும் ஓடேக்க கூரையக் கழட்டி மடிச்சு தலையில வைச்சுக்கொண்டு தான் ஓடும். அடுத்த ஊர்ல விரிக்கேக்க மடிப்பால பிஞ்சு போனா வேற கிடைக்காது, ஏனெண்டா மழைக் காலத்தில அந்தக் கறுப்புக் களிமண்ல லொறி போகாது, மண் ஓடுபாதை நனைஞ்சா சின்னப் பிளேனும் இறங்காது, ரோட்டு காயும் மட்டும் மாசக்கணக்கில காத்திருக்கவேணும். 2014ல பென்டியு முகாமுக்க முழங்கால் தண்ணி, நித்திரை கொள்ள இடமில்லாம தாய்மார் பிள்ளையளைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டவை. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, 2009ல வவுனியா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்ல இருந்தவையிட்ட கேளுங்கோ, மத்தியானத்தில ரென்ருக்குள்ள இருக்கேலுமோ எண்டு.

அளவும் யோசிச்சு வாங்குங்கோ. ஒராளுக்கு குறைஞ்சது 3.5 சதுர மீற்றர் மூடின இடம் வேணும் எண்டது சர்வதேச நிவாரண வேலையில பாவிக்கிற ஸ்பியர் அளவு, அஞ்சு பேருக்கு 17.5. செஞ்சிலுவைச் சம்மேளனத்தின்ட ஷெல்ரர் கிற் எண்ட கொட்டில் போடுற சாமான் பொதியில குடும்பத்துக்கு 4க்கு 6ல ரெண்டு தறப்பாள், கயிறு, ஆணி, கம்பி, மண்வெட்டி, வாள் எல்லாம் ஒண்டாப் போகும். இங்க குடுக்கிறாக்கள் தறப்பாளை மட்டும் குடுத்திட்டுப் போயிடுவினம், அந்தச் சனம் கயிறுக்கு எங்க போறது?

கடையில குறை எண்டா, அவரிட்ட இருக்கிற நைலோன் கயிறு சரியில்ல, முடிச்சு வழுக்குது, வேற கடையில வாங்குங்கோ. டெலிவரி சொன்ன நேரத்துக்கு வரேல்ல, போன் பண்ணினாலும் எடுக்கேல்ல, அவசரத்துக்கு வாங்கிற சாமானுக்கு இது பெரிய குறை. விலை நீலத்தின்ட ரெண்டு மடங்குக்கும் மேல, நீலத்தில 100 குடும்பத்துக்கு வைச்ச காசு வெள்ளையில பாதிப் பேருக்கும் காணாது, அப்பிடியெண்டாலும் நான் வெள்ளை தான் எடுப்பன்.

வெள்ளை எப்பவும் ஸ்ரொக்கில இராது, முன்கூட்டியே சொல்லி வைச்சா எடுத்துத் தருவார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடை பூட்டு, காலமை போங்கோ, ஓட்டோ உள்ளுக்கு வர கஷ்டம், ரெண்டு பேரா போனா தூக்கலாம்.