தழும்பு, வெயில், ஏசி அறை: என் மூன்று வருட அனுபவம்

இடது முன்கையைக் கண்ணாடி கிழித்து 14 தையல் போட்டு மூன்று வருடம் முடிந்துவிட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கையை நோக்கிப் போகும் 9 சென்டிமீட்டர் தழும்பு. தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட், சன்ஸ்கிரீன், பெட்ரோலியம் ஜெல்லி மூன்றையும் எல்லாப் பருவத்திலும் பயன்படுத்திவிட்டேன். இப்போதுதான் தையல் பிரித்தவர்கள் என்னைப் போலத் தடுமாற வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

முதல் கோடையில் செய்த தப்பு இன்னும் கையில் இருக்கிறது. காயம் ஆறிவிட்டது, இனி என்ன என்று முழுக்கைச் சட்டையைப் பாதி மடித்துவிட்டு வெயிலில் அலைந்தேன். இரண்டே வாரத்தில், துணி மறைத்த பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்க, மணிக்கட்டுப் பக்கம் மை தடவியது போலக் கருத்துவிட்டது. புதுத் தழும்பின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் நிறமி கூடிப்போகும், அப்புறம் லேசில் மங்காது. தழும்பு முதிர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை மூடி வைக்கச் சொன்னார் டாக்டர். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வியர்த்தால் அதுவும் வழிந்துவிடும். வண்டியில் போகும்போது கைக்குத் துணி உறை மாட்டிக்கொள்வதே எனக்குச் சரிப்பட்டது.

தடித்து மேலெழும்பிய தழும்பை அமுக்கியது சிலிக்கோன் ஷீட்தான். ஈரத்தைத் தோலிலேயே தக்கவைப்பதுதான் அதன் முக்கியமான வேலை. தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டி வைத்ததில் நான்கு மாதத்தில் மேடு நன்றாகத் தணிந்தது. ஆனால் புழுக்கமான நாட்களில் ஷீட்டைச் சுற்றி வியர்க்குரு, அடியில் தோல் ஊறி வெளுத்துப்போகும். பொறுக்காமல் மூன்று வாரம் கழற்றிப் போட்டேன். மேடு மறுபடி தடித்து அரிக்க ஆரம்பித்தது. பிறகு இரவில் ஷீட், பகலில் சிலிக்கோன் ஜெல் என்று மாற்றிக்கொண்டேன். ஷீட்டைத் தினமும் கழுவி, கையை நன்றாக உலரவிட்டு ஒட்டினால் வியர்க்குரு வரவில்லை.

நான் ஏமாந்தது அரிப்பு விஷயத்தில். மழைக்காலம் என்றால் தழும்பு அரிக்கும் என்று எல்லோரும் சொல்ல, நானும் நம்பினேன். இரண்டாம் வருடம் ஒரு நோட்டில் அரித்த நாள், வானிலை, அன்று எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதி வந்தேன். அரித்த நாட்களில் பெரும்பாலானவை ஏசி காற்று நேராகக் கையில் பட்ட நாட்கள்! மழை பெய்து வீட்டிலேயே இருந்த நாட்களில் தழும்பு மெத்தென்று சும்மா கிடந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. தழும்பில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இருப்பதில்லை. வறண்ட காற்று பட்டால் அது தன்னைத் தானே ஈரப்படுத்திக்கொள்ள வழியில்லாமல் இறுகிச் சுருக்சுருக்கென்று இழுக்கும். இருக்கையை மாற்றிப் போட்டேன், குளித்த ஈரம் காயும் முன்பே ஜெல்லி தடவினேன். அரிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மழைக்கு முன் எப்போதாவது உள்ளே குத்தும் வலி மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை.

குளிரில் தழும்பு ஊதாவாக மாறும். முதல் தடவை பயந்துவிட்டேன். கை சூடானதும் நிறம் திரும்பியது. ஒன்று கவனியுங்கள்: தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருந்தால் குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். காயத்தின் எல்லையைத் தாண்டித் தழும்பு வளர்ந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். ஷீட்டோடு நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது ஷீட் தேவைப்படுவதில்லை. ஜெல்லியும் துணி உறையும் பையிலேயே இருக்கின்றன. மணிக்கட்டுப் பக்கக் கறுப்பு பாதி மங்கியிருக்கிறது, மீதி அப்படியே நிற்கிறது.