வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த என் 71 வயது அம்மாவுக்கு, பாதி மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. மறுநாளே வார்டில் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். நாங்கள் ஏமாந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம், ஒரு வருகைக்கு 700 ரூபாய் வீதம் 20 வருகைகளுக்கு 14,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். வந்த இளைஞர் தொடையில் பட்டைகளை ஒட்டிக் கரண்ட் வைப்பார், விளக்கில் சூடு காட்டுவார், காலை லேசாக மடக்கி நீட்டுவார். இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவார். "நான் எழுந்து பாக்கட்டுமா தம்பி?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நீங்க சும்மா படுத்திருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பதே பதில். வலியில்லாமல் சிகிச்சை நடக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்ததுதான் இன்றும் மனத்தை அறுக்கிறது.

மூன்றாம் வாரம் அம்மாவால் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்க முடியவில்லை. கட்டிலோரம் நின்ற வாக்கரின் கைப்பிடியில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருந்தது. மறுபரிசோதனையில் மருத்துவர் கடிந்துகொண்டார்: படுத்தே இருந்தால் தசை கரையும், காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், நோயாளி தானே முயன்று செய்யாவிட்டால் நடை திரும்பாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி வந்த அம்மையார் முதலில் கேட்டதே, "உங்களுக்கு முதல்ல எது முடியணும்மா?" என்றுதான். "யாரையும் கூப்பிடாம பாத்ரூம் போகணும்" என்றார் அம்மா. உடனே கட்டிலிலிருந்து குளியலறைவரை அடி எண்ணி, பாதி வழியில் சுவரோரம் ஒரு நாற்காலி போடச் செய்தார். கணுக்காலை அசைப்பதையும், முட்டியைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்குவதையும் அம்மாவே எண்ணிச் செய்து காலண்டரில் கோடு போட வேண்டும் என்றார். தாழ்வாக உட்கார்ந்தாலோ கால்மேல் கால் போட்டாலோ மூட்டு நழுவக்கூடும் என்பதையும் அம்மாவிடமே விளக்கினார். அதுவரை அம்மாவைத் தாழ்வான முக்காலியில் உட்கார வைத்துத்தான் குளிப்பாட்டி வந்தோம். முன்பு வந்தவர் அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனவே முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். முதல் வருகையிலேயே நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறாரா, அவர் தனியே இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியதைக் கற்றுத் தருகிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். வருகைத் தாளில் அன்றன்று மட்டும் கையெழுத்திடுங்கள். அந்த இளைஞர் வந்தது 13 நாட்கள். அம்மாவிடம் வாங்கியிருந்தது 20 கையெழுத்துகள். அதைக் காட்டியே மீதி 4,900 ரூபாயைத் தர மறுத்துவிட்டார்கள்.

அம்மா இப்போது வாக்கருடன் தனியே குளியலறைக்குப் போய்வருகிறார். பாதி வழி நாற்காலியை நேற்று அவரே எடுக்கச் சொன்னார்.