பொருளை நகர்த்துவதா, காற்றை நகர்த்துவதா? சூப்பர்சானிக் சிமுலேஷனில் எந்த வழி

வெண்ணாற்றில் மதகு ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் தண்ணீர் அடியில் சீறிக்கொண்டு வரும். சற்றுத் தள்ளிப் போய் எகிறி, நுரைத்து, வேகம் தணியும். அந்தத் துள்ளல்தான் சூப்பர்சானிக், அதாவது ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஓடும், காற்றில் அதிர்வலை. 15 செ.மீ. ஆழத்தில் அலை விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர்தான் ஓடும். தண்ணீர் அதை முந்துவதால், சீறும் இடத்தில் ஊன்றிய குச்சியின் சேதி மேல்பக்கம் போகாது; அலை இருபுறமும் கூராக விரியும்.

குச்சியை ஊன்றி நீரை ஓடவிட்டாலும், நின்ற குளத்தில் குச்சியை இழுத்தாலும் சீரான வேகத்தில் ஒரே அலைதான். இதை மறந்துவிட்டுத்தான், தஞ்சாவூரில் என்னிடம் புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள் எடுத்தவுடன் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகக் காற்றுவெளியைச் சின்னச் செல்களாகப் பிரித்த வலையை, நகர்த்தப் பார்க்கிறார்கள்.

பொருளை நிறுத்திவைத்து மாக் 2 (ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம்) காற்றை எதிரே விடுவதுதான் என் முதல் தேர்வு. ஓப்பன்ஃபோம் என்ற இலவச சிமுலேஷன் மென்பொருளில் உள்ள ரோசென்ட்ரல்ஃபோம் என்ற சால்வர் இதற்குப் போதும். காற்றை 15 பாகை திருப்பும் ஆப்பு வைத்துப் பாருங்கள்: அதிர்வலை 45.3 பாகையில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மேலே போகாதீர்கள். அதே பொருளை அசையாக் காற்றில் பறக்கவிட்டால், ஒரு மீட்டர் கடக்க ஒன்றரை மில்லி விநாடி ஆகும். 1 மி.மீ. செல்லில் கணக்கின் ஒரு நேரப் படி ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆக 1500 படிகளாவது ஓட்ட வேண்டும், பாதை நெடுக நுண்ணிய மெஷ்ஷும் வேண்டும். வீண் செலவு.

துடுப்பு சில பாகை ஆடுகிறது என்றால் மெஷ்ஷை வளைக்கும் முறை நல்லது. பரப்பை ஒட்டிய மெல்லிய செல்கள் கலையாமல் கூடவே வரும். ஆட்டம் பெரிதானால் செல் முறுக்கிக்கொள்ளும். ஒரு தடவை இரவெல்லாம் ஓடவிட்டு, விடிந்து பார்த்தால் செல் உள்வெளியாகப் புரண்டு, எதிர்மறைக் கனஅளவு என்று நின்றிருந்தது. அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒன்றிலிருந்து ஒன்று கழன்று விலகும் இரண்டு பொருள்களுக்கு ஓவர்செட்டை விட்டால் நல்ல வழி இல்லை என்பேன். பின்னணி மெஷ்ஷின் மேல் பொருளின் மெஷ் அப்படியே வழுக்கிப் போகும். எவ்வளவு தூரம் போனாலும் செல் நசுங்காது. ஆனால் இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மதிப்புகள் இடைக்கணிப்பால், அதாவது பக்கத்துச் செல்களை வைத்துக் கணித்து, கைமாறுகின்றன. வழக்கமான முறையில் நிறை அங்கே முழுதாகக் காக்கப்படுவதில்லை. அதிர்வலை அதைக் கடக்கும்போது மழுங்கும், பொய்யான எதிரொலிப்பும் வரும். அந்த இடத்தில் இருபக்கச் செல்லும் ஒரே அளவில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

1972-இல் பெஸ்கின் இதய வால்வுக்காகக் கொண்டுவந்த அமிழ்த்திய எல்லை முறையும் உண்டு; பொருளின் வடிவத்துக்கு ஏற்ப மெஷ்ஷை அமைக்காமல், பொருளை மெஷ்ஷுக்குள் அப்படியே அமிழ்த்திவைப்பது. மெஷ் போடுவது எளிது. ஆனால் உராய்வு இழுவை துல்லியமாக வேண்டுமென்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

இந்த வருஷம் ஒரு மாணவி கழன்று விழும் மூக்குக் கூம்பை எடுத்திருக்கிறார். ஓவர்செட்தான். ஆனால் முதல் வாரம் முழுக்க, அசையாத ஆப்பை இரண்டு மெஷ்ஷில் வைத்து 45.3 வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.