அப்பிச்சியின் ஏர்கன்னுக்குக் காரீயமா, வெள்ளீயமா?

அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, விட்டுப்போன டயானா 27 ஏர்கன் பதினைந்து வருடம் அட்டாலியில் கிடந்தது. எட்டாவது படிக்கிற பையன் பள்ளியில் துப்பாக்கி சுடுதலில் சேர்ந்த பிறகுதான் அதை இறக்கினேன். தோல் வாஷர் காய்ந்து அப்பளமாகி இருந்தது. ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்து மாட்டியதும் பழைய மூச்சு வந்துவிட்டது. மஞ்சள் மூட்டை அடுக்குகிற எங்கள் கொட்டகை பன்னிரண்டு மீட்டர் நீளம், பத்து மீட்டர் குறிக்குத் தாராளம். காட்டுக்குள் மயில் புகுந்து விதையைக் கிளறும் ஊர் என்பதால், துப்பாக்கியைக் கண்டதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். நானும் சிரித்துவைத்தேன், அவ்வளவுதான். மயிலைத் தொட்டால் ஜாமீன் கூடச் சுலபமில்லை. காகித அட்டையைத் தவிர வேறெதையும் பையன் குறிபார்ப்பதில்லை.

எந்தக் குண்டு போடுவது என்பதில்தான் ஆறு மாதம் ஓடியது. தாமிரப் பூச்சு போட்ட இரும்புக் குண்டு விலை மலிவு, ஆனால் உள்ளே வரி வெட்டிய பழைய குழலுக்கு அது எமன். ஆக மிச்சம் இரண்டு: அப்பிச்சி காலத்திலிருந்து வருகிற காரீயக் (லெட்) குண்டு, அல்லது இப்போது காரீயம் இல்லாதது என்று விற்கிற, வெள்ளீயத்தை (டின்) முதலாகக் கொண்ட கலப்புக் குண்டு.

இரண்டையும் நம் ஆட்கள் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் முதலில் வீட்டிலேயே குழப்பம். "ஈயச்சொம்புல ரசம் வெச்சுக் குடிக்கறோம், இதுல என்ன விஷம்?" என்று அம்மா கேட்டார். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். குண்டு ஊற்றுகிற காரீயம் வேறு உலோகம், உருகவே 327 டிகிரி வேண்டும். பெயரில்தான் பங்காளி.

முதலில் காரீயத்தின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துப்பாக்கி அதன் கட்சி. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டை அனுப்புகிற இந்த மாதிரி ஏர்கன்னை வடிவமைத்ததே காரீயத்தை மனதில் வைத்துத்தான். மெத்தென்ற உலோகம் என்பதால் பாவாடை போல இருக்கிற குண்டின் பின்பகுதி காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் வரியைக் கவ்விக்கொள்ளும். தேய்ந்த குழலாக இருந்தாலும் அது அனுசரித்துப் போகும். எடையும் முக்கியம். தட்டைத் தலைக் காரீயக் குண்டு ஒன்று 0.53 கிராம். நான் வாங்கிய வெள்ளீயக் குண்டு 0.36 கிராம்தான். லேசான குண்டு சட்டென்று ஓடிவிடும். பிஸ்டனுக்கு முன்னால் தங்க வேண்டிய காற்று மெத்தை தங்காது, பிஸ்டன் நேராகப் போய் முட்டும். காதை வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்: காரீயத்துக்கு 'தொப்', வெள்ளீயத்துக்கு அதற்கு மேல் ஒரு 'டங்'. குண்டே இல்லாமல் சுட்டால் வருகிற சத்தத்துக்கு அது தூரத்துச் சொந்தம்.

குறியிலும் காரீயம்தான் முதலில் ஜெயித்தது. பத்துக் குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. முதல் டப்பா வெள்ளீயம் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறியது. தப்பு குண்டில் இல்லை, அளவில். டப்பாவின் மேல் 4.5 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும் தலையளவு 4.49, 4.50, 4.52 என்று நூலிழை மாறும். காரீயம் நசுங்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். கடினமான குண்டு அப்படி வளைந்து கொடுக்காது. இரண்டாவது முறை கொஞ்சம் பெரிய தலையளவு வாங்கினேன். குழலுக்குள் பெருவிரலால் அழுத்தினால் போகவில்லை, நகத்தால் நெம்பித் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் சிதறல் பாதியாகக் குறைந்தது. பார்வைக் குமிழைத் திருப்பிக் குறியைப் புதிதாக வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பத்து மீட்டருக்கு இது போதும். முப்பது மீட்டர் போனால் லேசான குண்டு வேகம் இழந்து தடுமாறும், அங்கே காரீயத்தோடு போட்டி போட முடியாது.

விலை? எனக்கு விழுந்த கணக்கில் வெள்ளீயம் மூன்று மடங்கு. அதுவும் கோவையில் ஒரு கடையில் சொல்லிவைத்து மூன்று வாரம் காத்திருந்து வாங்கியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் வெள்ளீயத்துக்கு மாறினேன். காரணம் துப்பாக்கி இல்லை, கொட்டகை.

காரீயம் சுட்ட நாட்களில் பையனின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒரு நாள் அந்தக் கையோடு முறுக்கை எடுத்தான். அம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதென்ன பென்சில் கரியாட்ட ஒட்டுது?" என்றார். சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லிவிட்டேன். கைக்கு அது சரி. குறிப்பெட்டிக்கு?

குறி அட்டையை மாட்டுகிற அந்தப் பெட்டியின் பின்பக்கம் இரும்புத் தகடு. காரீயக் குண்டு அதில் மோதித் துவரம்பருப்பு போலத் தட்டையாகி உள்ளேயே விழும். எல்லாம் பெட்டிக்குள்தானே விழுகிறது என்ற தெம்பில் இருந்தேன். ஆறு டப்பா முடிந்த அன்று பெட்டியைக் கவிழ்த்து, மஞ்சள் எடை போடுகிற தராசில் வைத்தேன். ஒரு டப்பாவுக்கு 500 குண்டு, ஆறு டப்பாவுக்கு 3000. கணக்குப்படி 1590 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 1380.

210 கிராம் எங்கே?

கொஞ்சம் பெட்டியைத் தாண்டிச் சுவரில் போயிருக்கும், ஆரம்பத்தில் பையன் அப்படித்தான் சுட்டான். கொஞ்சம் கைதவறி மண்ணில் விழுந்திருக்கும். எல்லாமே தூளாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் வாய்க்குக் கீழே தரையை ஈரத்துணியால் துடைத்தபோது துணி கறுத்தது. அங்கிருந்து நாலு அடி தள்ளி மூட்டை அடுக்கு. வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலிஷ் போட்டு, விலைக்குக் காத்திருக்கிற மஞ்சள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளின் பக்கத்தில் காரீயத் தூளை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைகளின் உடம்பு வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும், பாதிப்பில்லாத அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெடிமருந்துத் தோட்டா வெடிக்கிற இடத்தோடு ஒப்பிட்டால் ஏர்கன்னில் புகையும் கிடையாது, ஆபத்து குறைவுதான். சரி, குறைவுதான். ஆனால் தினமும் நாற்பது குண்டு, மூடிய கொட்டகை, பக்கத்தில் சாப்பாட்டுப் பொருள்.

இடத்தை மாற்றியிருக்கலாமே என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. தென்னந்தோப்பில் வைத்தால் குண்டு மண்ணுக்குள் போகும், கோழி மேயும். இரையை அரைக்கக் கல் பொறுக்குகிற பறவை, காரீயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கிச் சாகிறது என்பதால்தான் அமெரிக்காவில் 1991-லிருந்து நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீயச் சில்லு (தோட்டாவுக்குள் அடைக்கிற சிறு குண்டுகள்) கூடாது என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியில் ஈரநிலங்களில் அதற்குத் தடை போட்டது. அங்கே பழைய இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்: இரும்புச் சில்லு கடினம், பழைய குழல் தாங்காது. மெத்தென்ற பிஸ்மத் தோட்டா தாங்கும், விலை கையைக் கடிக்கும். எங்கள் கோழி பத்துத்தான், இருந்தாலும் முட்டை சாப்பிடுவது நாங்கள்.

வெள்ளீயத்துக்கு மாறியதும் ஒரு புதுத் தொல்லை. இரும்புத் தகட்டில் மோதினால் தட்டையாகாமல் திரும்பி வருகிறது. முதல் வாரமே ஒன்று எகிறி மூட்டையில் பட்டது. இப்போது தகட்டுக்கு முன்னால் பழைய சாக்கையும் கிழிந்த போர்வையையும் இறுக்கித் திணித்திருக்கிறேன். கண்ணாடி போடாமல் பையன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. குண்டு முழுசாகச் சாக்கில் சொருகிக்கொள்கிறது. விரலும் கறுப்பதில்லை.

துப்பாக்கி என்னவாகும் என்று கேட்டால், ஒரு வருடம்தான் ஓட்டியிருக்கிறேன். ஸ்பிரிங் இன்னும் உடையவில்லை, வாஷரை ஒரு முறை மாற்றினேன். அது லேசான குண்டால் போனதா, வயசால் போனதா என்று பிரித்துச் சொல்கிற அளவுக்கு அனுபவம் இல்லை. அப்பிச்சி ஞாபகமாக வைத்திருக்கிற துப்பாக்கி, திறந்தவெளி, பெரியவர் கை என்றால் காரீயத்தையே போடுங்கள், குறியும் சுகம், ஸ்பிரிங்கும் சுகம். பையனின் பயிற்சியாளரும் போட்டித் துப்பாக்கிக்குக் காரீயம்தான் தருகிறார். அங்கே சுட்டுவிட்டு வந்தால் வாசல் குழாயிலேயே கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

அந்த 1380 கிராமை ஈரோட்டில் பழைய பேட்டரி வாங்குகிற கடையில் கொடுத்தேன். "வலைக்குக் குண்டு ஊத்தறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இனிமேல் கொண்டுவர எதுவும் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.