கள்ளு வினாகிரிக்கு ஒரு நியமிப்பு

அரசடிப் பக்கத்துப் பலசரக்குக் கடையொன்றில் தென்னங்கள்ளு வினாகிரி ஒரு போத்தல் வாங்கினேன். 'இயற்கையாக நொதித்தது' என்று பெயர்ச்சீட்டில் இருந்தது. அப்படி எழுதாத போத்தல் மட்டக்களப்பில் எங்கே கிடைக்கிறது? உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பதால், நாக்கை மட்டும் நம்பாமல் ஆய்வுகூடத்துக்கும் கொண்டுபோனேன்.

மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது புளிப்பல்ல, கனிந்த பழ வாசம். கள்ளில் உள்ள வெல்லங்களை மதுவம் (ஈஸ்ட்) எதனோல் என்ற மதுசாரமாக்குகிறது. பிறகு காற்றுப்பட, பற்றீரியாக்கள் அந்த எதனோலை எதனொயிக் அமிலமாக, அதாவது வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக் அமிலமாக, ஒட்சியேற்றுகின்றன. மிஞ்சிய எதனோல் அமிலத்தோடு மெல்ல மெல்லச் சேர்ந்து எதைல் எதனோயேற்று என்ற பழ வாசமுள்ள எசுத்தரைத் தருகிறது. வகுப்பில் இதைச் செய்துகாட்டச் செறிந்த சல்பூரிக் அமிலமும் சூடும் வேண்டும். பீப்பாவோ மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறது. (அளவு மீறினால் இதே எசுத்தர் நகப்பூச்சு அகற்றியைப் போல நெடியடிக்கும். இதில் அது இல்லை.)

பத்து மடங்கு ஐதாக்கி, 25 மில்லிலீற்றரை 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டுக் காரத்தால் நியமித்தேன், அதாவது அமிலம் தீரும்வரை காரத்தை அளந்து துளித்துளியாக விட்டேன். அந்த முடிவை நிறத்தால் சொல்லும் காட்டி பினோத்தலீன். மென்னமிலத்துக்கு மெதைல் செம்மஞ்சள் போட்டால் நிறம் முந்திக்கொண்டு மாறிவிடும். அளவியில் 17.5 மில்லிலீற்றர் இறங்கியபோது வெளிர் இளஞ்சிவப்பு நின்றது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 4.2 சதவீத அமிலம். ஊறுகாய்க்கு அது போதும்.

ஆனால் அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கை வினாகிரியும் இதே எண்ணைக் காட்டும். எனவே மலிவான செயற்கை வினாகிரிப் போத்தலொன்றையும் எடுத்து, இரண்டிலும் ஊதா நிற ஒட்சியேற்றியான ஐதான பொற்றாசியம் பரமங்கனேற்றில் சில துளிகள் விட்டேன். மலிவுப் போத்தலில் ஊதா அப்படியே நின்றது. கள்ளு வினாகிரியில் சற்று நேரத்தில் கலைந்துபோனது. எதனொயிக் அமிலம் அதற்கு அசையாது. நொதிப்பில் வந்த மற்றச் சேதனப் பொருட்களும் மிஞ்சிய எதனோலுமே ஒட்சியேறுகின்றன. கருக்கிய சீனியை நிறத்துக்குக் கலந்தால் இந்தச் சோதனையையும் ஏமாற்றலாம். அந்தப் பழ வாசத்தைச் சீனியால் கொண்டுவர முடியாது.

சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட அச்சாறு வீட்டில் உடனே தீர்ந்தது. மலிவுப் போத்தலைப் போல தொண்டையைச் சுரண்டவில்லை.

குறை மூடியில்தான். தகர மூடியின் உட்பூச்சு உரிந்து, விளிம்பில் துரு பிடித்துவிட்டது. அமிலத்துக்கு இரும்பைக் காட்டலாமா? பிளாஸ்டிக் மூடி கேட்டேன். "வாற சரக்கில் பார்ப்போம், சேர்" என்றார் கடைக்காரர். அதுவரை வீட்டில் பழைய ஜாம் போத்தலொன்றில் ஊற்றி வைத்திருக்கிறேன்.