எங்கள் ஆய்வுகூடத்துக்கு எந்த இன்டர்லூக்கின்-8: 72 ஆ, 77 ஆ?

அழற்சி நடக்கும் இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்களை வரவழைக்கும் கீமோகைன், அதாவது கலங்களை இழுக்கும் சமிக்ஞைப் புரதம், இன்டர்லூக்கின்-8. மறுசேர்க்கை முறையில் (மனித மரபணுவை வேறு கலங்களில் புகுத்தி) தயாரித்த மனிதப் புரதத்தை வாங்கலாம் என்று விலைப்பட்டியலைத் திறந்தால், ஒரே பெயரில் இரண்டு இருக்கும். ஒன்றில் 72 அமினோ அமிலங்கள், மற்றதில் 77. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்துக்கு இரண்டையும் வாங்கிப் பார்ப்பது கட்டுப்படியாகாத காரியம்.

கலங்கள் நகர்வதைப் பார்க்கிற சோதனைக்கு 72 தான் என் தெரிவு. 77 என்பது இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் சுரக்கிற வடிவம். அதன் முன்முனையில் (சங்கிலி தொடங்கும் முனையில்) ஐந்து அமினோ அமிலங்களைத் திராம்பின் போன்ற நொதி வெட்டினால்தான் 72 ஆகி முழுப் பலம் பெறும். நியூட்ரோஃபிலிடமும் வெட்டுகிற நொதிகள் உண்டு. 77ஐப் போட்டால் சோதனை ஓடும்போதே அது மாறத் தொடங்கலாம். எதை அளந்தோம் என்று பிறகு சொல்ல முடியாது. அந்த வெட்டையே ஆராய்பவர்கள் 77ஐ வாங்கட்டும்.

முன்முனை சின்ன விஷயமில்லை. ரான்டெஸ் என்ற கீமோகைனின் தொடக்கத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் ஒரேயொன்று கூடுதலாக ஒட்டியிருந்தாலே போதும், கலங்களை இழுப்பதை விட்டு, அவற்றின் மேலுள்ள ஏற்பியை (சமிக்ஞையைப் பிடிக்கும் புரதத்தை) அடைத்துக்கொண்டு நிற்கும். இப்படியான புரதங்களைச் செய்யப் பயன்படுத்தும் பக்டீரியா எந்தப் புரதத்தையும் மெதியோனினில்தான் தொடங்கும். அதனால் ரான்டெஸ் வாங்குகிறவர்கள் தரவுத்தாளில் முதல் அமிலம் எது என்று கட்டாயம் பாருங்கள்.

இன்டர்லூக்கின்-8 வேலை செய்யச் சர்க்கரை ஒட்டியிருக்கத் தேவையில்லை, ஈ.கோலை பக்டீரியாவில் செய்ததே போதும். எண்டோடொக்சின் என்ற பக்டீரியா நச்சின் அளவை மட்டும் விடாமல் பாருங்கள். அது கொஞ்சம் பட்டாலே மொனோசைற்றுகள் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள் தாங்களாகவே இன்டர்லூக்கின்-8ஐச் சுரந்துவிடும்.

அல்புமின் என்ற துணைப் புரதம் சேர்த்ததை எடுத்தால் புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டி வீணாகாது. இன்டர்லூக்கின்-8இல் நிறமி இணைக்கிற வேலை என்றால் மட்டும் அல்புமின் சேர்க்காததை எடுங்கள்.

திரவமா, உறைய வைத்து உலர்த்திய தூளா? சரி, இதில் எங்களுக்கு யோசனையே வேண்டாம், தூள்தான். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வரவேண்டும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டையும் பார்த்தோம். 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்கே தெரியாது, வெறும் குப்பி என்று நினைத்துவிடாதீர்கள். மூடியில் ஒட்டியிருக்கும், திறக்க முன் சுழற்றியில் ஒரு சுற்று விடுங்கள். கரைத்ததும் அன்றன்றைக்குத் தேவையான அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். உருக்கி உருக்கித் திரும்ப உறைய வைத்தால் பலம் குறைந்துகொண்டே போகும்.