பனையேறிக்கு எந்தப் பகடை: கதையாட்டத்தில் ஒரு நீண்டகால அனுபவம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் மேசைக் கதையாட்டத்தில், கதாபாத்திரத்தின் ஒரு செயல் பலித்ததா இல்லையா என்பதைப் பகடையிடம் விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தப் பகடையிடம் விடுகிறோம் என்பதில்தான், கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குழு பல ஆண்டுகள் ஆடிய பிறகு, எனக்கு உறுதியான கருத்து உருவாகியிருக்கிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் பரப்பிய இருபது முகப் பகடையில்தான் நாங்களும் தொடங்கினோம். உருட்டிய எண்ணோடு கதாபாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் செயல் பலிக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீதம் என்பதால் புதிதாக வருபவருக்கும் கணக்கு உடனே பிடிபடுகிறது. ஆனால் அந்தச் சம வாய்ப்பே திறமை மிகுந்த கதாபாத்திரங்களுக்குத் தொல்லையாகிறது. எங்கள் கதை இந்த எல்லைப் பகுதியிலேயே நடப்பதால், அதில் ஒரு பனையேறி உண்டு. அவருடைய ஏறும் திறன் 5, இலக்கு 10. ஆகவே 1 முதல் 4 வரை எது விழுந்தாலும் தோல்வி, அதாவது 20 சதவீதம். அந்தப் பாத்திரத்தை ஆடிய தம்பி, "ஏனுங்ண்ணா, அஞ்சு தடவ ஏறுனா ஒருக்கா விழுவேன்னா, நான் எப்படிங்ண்ணா இத்தன வருசம் உசுரோட இருக்கேன்?" என்று கேட்டதற்கு விதிநூலில் பதில் இல்லை.

அதே ஆட்டத்தின் 2014 பதிப்பில் வந்த சலுகை விதிப்படி, சூழல் சாதகமாக இருக்கும்போது இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டால், அதே தோல்வி 4 சதவீதமாகச் சுருங்குகிறது. கணக்கில் இது நல்ல மருந்துதான். எனினும் சலுகை உண்டா இல்லையா என்ற வாதத்திலேயே மாலை கழிந்துவிடும்.

பிறகு, 2010-இல் வெளியான அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு கதையாட்டத்தின் வழியில், இரண்டு ஆறு முகப் பகடைகளுக்கு மாறினோம். இரண்டின் எண்களையும் திறன் எண்ணையும் கூட்ட வேண்டும். 6-உம் அதற்குக் கீழும் தோல்வி, 7 முதல் 9 வரை விலை கொடுத்த வெற்றி, 10-உம் அதற்கு மேலும் முழு வெற்றி. திறன் எண் 2 உள்ளவருக்கு, 36 சேர்க்கைகளில் 6 தோல்வி, 15 விலையுள்ள வெற்றி, 15 முழு வெற்றி. தோல்வி விகிதம், சலுகை இல்லாத இருபது முகப் பகடையின் 20 சதவீதத்தைவிடப் பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேறுபாடு முழுக்க நடுப்பகுதியில் இருக்கிறது. பனையேறி உச்சிக்குப் போய்விடுகிறார், ஆனால் இடுப்பிலிருந்த கலயம் நழுவிக் கீழே உடைய, அந்தச் சத்தத்தில் தோப்புக்காரர் டார்ச்சோடு வெளியே வருகிறார். இருபது முகப் பகடை எங்களுக்கு இப்படியொரு காட்சியைத் தானாகத் தந்ததில்லை. இதற்கான கூலியைக் கேம் மாஸ்டர்தான் கொடுக்கிறார்: ஒவ்வொரு முறையும் புதிய விலையை யோசிப்பதில் இரண்டாவது மணி நேரத்திலேயே களைத்துவிடுகிறார்.

வீட்டில் இருந்த பித்தளைத் தாயக்கட்டைகளையும் சில காலம் பயன்படுத்தினோம். நான்கு முகக் கட்டைகள் இரண்டு என்பதால் மொத்தம் 16 சேர்க்கைகள். மறு ஆட்டம் தரும் 1, 5, 6, 12 ஆகியவற்றை வெற்றியாகக் கொண்டால் 37.5 சதவீதம். திறன் எண்ணைக் கூட்ட முயன்றால் இது குலைகிறது, ஏனெனில் 4-உடன் ஒன்றைக் கூட்டினால் வெற்றி, 6-உடன் கூட்டினால் ஒன்றுமில்லாத 7. ஆகவே, வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்துவார்களா என்பது போன்ற, எவருடைய திறமையும் நுழையாத கேள்விகளுக்கு மட்டுமே இதை வைத்திருக்கிறோம். அங்கே மிக நன்றாக வேலை செய்கிறது.

பகடை உருட்டும் கைப்பேசிச் செயலியைக் கைவிட்டுவிட்டோம், ஏனெனில் ஒருவர் திரையை மற்றவர் பார்ப்பதில்லை. துண்டு விரித்த முறத்தில் உருட்டினால் பகடை கட்டிலடியில் ஓடாது, எல்லோரும் எண்ணைப் பார்க்கவும் முடியும்.

சண்டைக் காட்சிகளுக்கு இன்றும் இருபது முகப் பகடையையே எடுக்கிறோம்; நிறைய உருட்டுகள் இருப்பதால் ஒன்றின் கோணலை அடுத்தது சரிசெய்துவிடுகிறது. ஏறுவது, ஒளிவது, பேரம் பேசுவது போன்று ஒரே உருட்டில் முடியும் செயல்களுக்கு இரட்டைப் பகடைதான். அவற்றுக்கான விலைகளில் ஐந்தாறை மட்டும் கேம் மாஸ்டர் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்.